நாலு குடத்துக்கு ஒரு குடம் வெந்நீர்

சென்னையில் வெந்நீருக்குக் கடன் கொடுப்பதுதான் என் வேலை என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், "இந்த ஊர்ல குழாயைத் திறந்தாலே வெந்நீர்தானே வருது?" என்பார்கள். இதை ஏதோ தாங்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். நானும் முதன்முதலில் கேட்பதுபோலச் சிரித்து வைப்பேன். சொல்கிறவர் யார் என்று பார்த்தால், சித்திரை மாதத்திலும் கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேப்பர் படிக்கிறவராக இருப்பார்.

எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வெந்நீர் இல்லாமல் பல வீடுகளில் பொழுது முடியாது. மூட்டை தூக்கிவிட்டு வருகிறவருக்கு இடுப்புக்கு ஊற்ற வேண்டும். நிலக்கரித் தூள் பச்சைத் தண்ணீருக்கு மசியாது; சோப்பைத் தின்றுவிட்டு உடம்பிலேயே உட்கார்ந்திருக்கும். வயதானவர்களுக்கு முழங்கால். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்தால் தினம் ஓர் அண்டா வெந்நீர் வேண்டும். அதற்கெல்லாம் காஸைத் திறந்து விட்டால் மாதக் கடைசியில் சோறு வடிக்க வழியில்லை. ஆகவே வாசலில் மூன்று செங்கல்லை வைத்து, மேலே அண்டாவை ஏற்றி, கீழே ஹார்பர் கட்டையைக் கொளுத்துவார்கள்.

ஹார்பர் கட்டை என்பது கப்பலில் வரும் சாமான்களுக்கு அணைவாக அடித்து அனுப்பும் பலகை. கண்டெய்னர் யார்டுகளில் உடைத்துப் போடுவார்கள். ஓசியில் கிடைப்பதால் சந்தனக் கட்டைக்குக்கூட இல்லாத மரியாதை அதற்கு உண்டு. பலகை மேலே எந்த நாட்டு எழுத்தோ அச்சடித்திருக்கும். உள்ளே பெயின்ட், பசை, பூச்சி மருந்து என்று என்னென்னவோ ஊறியிருக்கும். அதன் புகை கண்ணில் ஏறினால், நமக்குப் பாஷை புரியாத ஒருவன் நம்மை நிறுத்தி வைத்துத் திட்டுவதுபோல இருக்கும்.

இந்தப் புகையை ஒழிக்கத்தான் நான் வேலை பார்க்கும் நிறுவனம் சின்னச் சின்னக் கடன்களைக் கொடுக்க ஆரம்பித்தது. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. முதலில் ஒருத்திக்கு மட்டும் கடன். அவள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்தவளுக்கு. ஒருத்தி வாரத் தவணையை விட்டுவிட்டால் மற்ற நால்வரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். நான் விம்கோ நகரில் குடியிருந்துகொண்டு, ஸ்கூட்டியில் சந்து சந்தாகப் போய்க் குழு சேர்க்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் கொஞ்சம் அதிகம், எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்கிற எண்ணம் நிறையவே உண்டு. அந்த மூன்றாவதுதான் இங்கே என்னைக் கவிழ்த்தது.

திருவொற்றியூரில் கடல் பக்கம் ஒரு சந்து. அங்கே கட்டை எரிக்கும் ஐந்து வீடும் சேர்ந்து ஒரு குழு. தலைவி, சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா. கல்யாணமாகித் தெற்கேயிருந்து வந்து இருபது வருஷமாகிறது. பேச்சு மட்டும் இன்னும் ரயிலேறவில்லை. எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். துக்கம் விசாரிக்கப் போனால்கூட எவ்வளவு நேரம் அழலாம் என்று கணக்கு வைத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட, தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா தங்கை இரண்டு பேர். நான்காவது ஆள், நிலக்கரி யார்டில் வேலை செய்பவரின் மனைவி. சந்திலேயே அதிகமாகக் கட்டை எரிப்பவள் அவள்தான். ஐந்தாவது ஆள் அவளுக்கு எதிர்வீட்டில் இருக்கும் இறால் அக்கா. ஏற்றுமதிக்குப் போகும் இறாலை உரிக்கும் ஷெட்டில் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பி மதியம் மூன்று மணிக்கு வருவாள்.

முதல் கடன் யாருக்கு என்று முடிவு செய்ய, மளிகைக் கடைப் படியில் கூட்டம் போட்டோம். ஐந்து பேருக்கும் வேண்டும். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. இறால் அக்கா கடைசியாகப் பேசினாள்.

"எம் பொண்ணுக்கு ஏயு மாசம் மேடம். மாத்தூர்ல குட்த்துக்கீறேன். சீமந்தம் முட்ச்சி இங்க இட்டாரணும், மொத புள்ள இல்லியா? சம்மந்தியம்மா வுட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது."

"ஏன், சீர் ஏதாவது குறையுதாமா?" என்றேன். எனக்கு மாமியார்கள் மேல் பொதுவாகவே ஒரு அபிப்பிராயம் உண்டு.

"சீரெல்லாம் கேக்கல. பொகைதான். பொங்கலுக்கு வந்தப்ப எம் பொண்ணுக்கு வீசிங் வந்து, மூச்சு இஸ்துகினு, ஆட்டோல தூக்கினு ஓடினோம். சம்மந்தியம்மா அத்த நேர்ல பாத்துச்சி. இப்ப, அந்த சந்துல என் மருமவள வெச்சிப் புள்ள பெத்துக்க நான் அனுப்ப மாட்டேங்கிது." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அது சொல்றது தப்புன்னும் சொல்ல முடில. ஆனா எனுக்கு ஒரே பொண்ணு மேடம். அதுக்கு ஒரு நாள்கூட நான் தண்ணி ஊத்தலன்னா நான் இன்னா அம்மா?"

படியில் இருந்த மற்ற நால்வரும் தங்கள் காரணங்களை விட்டுக்கொடுத்தார்கள். முதல் கடன் அவளுக்கு என்று முடிவானது. எலெக்ட்ரிக் கீசர் வாங்க வேண்டும் என்று சொன்னது நான். சின்ன கீசர், சுவரில் மாட்டிவிட்டால் கட்டையும் வேண்டாம், புகையும் வேண்டாம் என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: தண்ணீர் வசதி உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டம். வெளியே அடி பம்பு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வருவதும் எனக்குத் தெரியும். 'உண்டு' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டேன்.

கீசர் வந்த நாளை அந்தச் சந்து மறக்காது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, சமையலறை மூலையில் இடுப்பளவு சுவர் வைத்த குளிக்கும் இடத்தில், ஆணி அடித்து மாட்டினார்கள். சந்தனம், குங்குமம், கதம்பச் சரம், ஓர் எலுமிச்சம்பழம். மளிகைக் கடை அக்கா ஒரு தட்டில் சூடம் ஏற்றிச் சுற்றினார். புகையில்லா வெந்நீர்த் திட்டத்தின் முதல் கருவி இப்படிப் புகையோடுதான் வீட்டுக்குள் வந்தது. இறால் அக்கா கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கீசருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் படம் எடுத்து மாதவரத்தில் இருக்கும் எங்கள் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கைதட்டும் பொம்மை ஆறு அனுப்பினார்.

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். புதிதாக ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, பெரிய பிளக் பாயின்ட் வைத்தார். எல்லாம் முடிந்ததும் கீசரின் அடியில் குனிந்து பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"யக்கா, தண்ணி எங்கேந்து இதுக்குள்ள பூரும்?"

"பம்புலேந்து கொடத்துல கொண்ணாருவோம்" என்றாள் இறால் அக்கா.

"கொடத்துல கொண்ணாந்து?"

அதற்குமேல் யாரும் யோசித்திருக்கவில்லை. இறால் அக்காவின் புருஷன் மட்டும் உண்மையான அக்கறையோடு கேட்டார். "மேல எதுனா மூடி கீதா நைனா? தொறந்து ஊத்திக்கிற மாரி?" அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனதால் வீட்டோடு இருப்பவர்.

"இது இன்னா கூஜாவா? கொயா வேணும். மேல டேங்க் வேணும். டேங்க்லேந்து தானா எறங்கணும். யாரு ஒங்களுக்கு இத்த வாங்கச் சொன்னது?"

ஐந்து பெண்களும் ஒரு புருஷனும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் குழாயே கிடையாது. நாலு தடவை அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறேன். சொம்பில் மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒரு தடவையாவது குழாய் எங்கே என்று தேடினேனா? படிவத்தில் கேட்டது தண்ணீர் உண்டா என்றுதான். அது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. படிவத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏனென்றால் என் மேல் கோபப்பட எனக்கு அப்போது தைரியம் இல்லை.

அடுத்த வாரம் தவணை வாங்கப் போனபோது கீசரின் மேல் இறால் அக்கா புருஷனின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஹேங்கரு சோக்கா கீது மேடம். கொஞ்சம் காஸ்ட்லி, அவ்ளோதான்" என்றார் அவர்.

இறால் அக்கா தவணைப் பணத்தை எண்ணி என் கையில் வைத்தாள். சுவரில் மாட்டிய வெறும் பெட்டிக்கு அவள் பணம் கட்டினாள், நான் ரசீது கிழித்தேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

வழி கண்டுபிடித்தது மளிகைக் கடை அக்காதான். அவர் கடைப் பின்புறத்தில் ஒரு பெரிய நீல டிரம் இருந்தது. சமையல் எண்ணெய் வந்த டிரம். மணலிப் பக்கத்திலிருந்து வரும் கெமிக்கல் டிரம்மைத் தொடவே கூடாது என்று எல்லோருடைய மூக்கையும் டிரம்முக்குள் விட்டு முகர வைத்து, எண்ணெய் வாசனைதான் என்று நிரூபித்தார். "வாடக ஒண்ணும் வேண்டாம். பொழங்கி முடிச்சா கழுவி, தொடச்சித் திருப்பிக் குடுத்திரணும்" என்றார். அவர் அகராதியில் அது நன்கொடை. இறால் அக்கா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லி, அதன் மொட்டைமாடியில் நாலு செங்கல் வரிசை கட்டி டிரம்மை ஏற்றினோம். குழாய்ச் செலவை நான் கொடுத்தேன். குற்ற உணர்ச்சி இருப்பவர்களிடம் காசு சீக்கிரம் வெளியே வரும்.

டிரம் நிறைய பதினாறு குடம் வேண்டும். அடி பம்பில் அடித்து, இடுப்பில் ஏற்றி, சந்தைக் கடந்து, செங்குத்தான படியில் மொட்டைமாடி வரை போக வேண்டும். ஷெட்டிலிருந்து மூன்று மணிக்கு வந்து, சோறு தின்றுவிட்டு, இறால் அக்கா தனி ஆளாகப் பதினாறு குடத்தையும் ஏற்றினாள். புருஷன் பம்பு அடித்துக் கொடுத்தார். முதல் நாள் கீசர் குழாயில் வெந்நீர் வந்தபோது அவர் சட்டையைக் கழற்றி எடுத்து, "மன்னிச்சிக்கோ நைனா, ஒன்னத் தப்பா நெனச்சிட்டேன்" என்று கீசரைத் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சம்பந்தியம்மா மாத்தூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்தது ஒரு தவணை நாளில். நானும் அங்கே இருந்தேன். ஒல்லியான, குள்ளமான அம்மாள். கையில் ஒரு பெரிய பை. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடிக்கப் பிரியமில்லாமல் சொந்தமாக ஒரு பாட்டில். ஷேர் ஆட்டோவில் இறங்கி நேராகக் குளிக்கும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தது. புறங்கையை நீட்டிப் பார்த்தது.

"ம். சூடு கீது."

இறால் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. காபி போட எழுந்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நிலக்கரிக்காரர் வேலை முடிந்து வந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரி செங்கல் அடுப்பில் ஹார்பர் கட்டையைத் திணித்துப் பற்றவைத்தாள். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்து, யாரையும் கேட்காமல், நேராக இந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. கத்தவில்லை, சண்டை போடவில்லை.

"கொயால வெந்நி வரவெச்சிட்ட சம்மந்தி. ஜன்னல்ல வர்றத இன்னா பண்ணுவ?"

காபியைக் குடிக்காமல் போய்விட்டது. இறால் அக்கா கையில் டம்ளரோடு வாசலில் நின்றாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு வீட்டுக்குக் கீசர் விற்றுவிட்டு புகையை ஒழித்துவிட்டதாகப் படம் அனுப்பியவள் நான். ஒரு சந்தில் ஒரு வீடு மட்டும் புகையை விட்டுவிட முடியாது என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கு அது சம்பந்தியம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அழுது முடித்த இறால் அக்கா சும்மா இருக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், குடத்தை எடுத்தாள், சந்தைக் கடந்து போய் எதிர்வீட்டு அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். புஸ்ஸென்று சத்தம். அதற்கப்புறம் அந்தச் சந்தில் பேசப்பட்ட வார்த்தைகளில் பாதியை நான் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பாதி இது.

"எவ அடுப்புல எவடீ தண்ணி ஊத்துறது? எம் புருசன் கரில பொரண்டுட்டு வந்துக்கீறான். அவன் இன்னா கறுப்பாவே தூங்கணுமா?"

"எம் பொண்ணு வர வேணாவா? ஒனக்கு மனசு இல்ல?"

"மனசு கீது, லோன்தான் இல்ல! ஒனக்குக் குட்த்தாங்கோ, எனுக்குக் குட்த்தாங்களா? எனுக்கும் ஒரு கொடம் வெந்நி குடு, நான் எதுக்கு இந்தக் கலீஜக் கொளுத்தப் போறேன்?"

இதை அவள் கோபத்தில் சொன்னாள். வீம்புக்குத்தான் சொன்னாள். ஆனால் மளிகைக் கடை அக்கா கடையை விட்டு இறங்கி வந்து, தராசுத் தட்டு சமமாகும் வரை காத்திருக்கிறவரைப்போல இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தானே கேக்கா" என்றார். "நீ நாலு குடம் பச்சத்தண்ணி மாடியில ஏத்திரு. அவ ஒரு குடம் வெந்நீர் தந்திருவா. நானும் நாலு குடம் ஏத்துதேன், எனக்கும் ஒரு குடம். இந்த ரெண்டு பிள்ளைகளும் அப்படித்தான். நாலு நாலு பதினாறு. டிரம் ரொம்பிரும். கரண்டு பில்ல அஞ்சா வகுந்திருவோம். சந்துல ஒருத்தியும் கட்டையத் தொடக்கூடாது."

தையல் அக்கா தங்கை இருவரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி அணைந்துபோன அடுப்பைப் பார்த்தாள், இறால் அக்காவைப் பார்த்தாள்.

"நாலு கொடத்துக்கு ஒண்ணா? மூணுக்கு ஒண்ணு."

"நாலு" என்றார் மளிகைக் கடை அக்கா.

மறுநாளிலிருந்து அது நடந்தது. குழுவின் தவணை நோட்டிலேயே ஒரு கோடு போட்டு, யார் எத்தனை குடம் ஏற்றினாள், எத்தனை குடம் வெந்நீர் எடுத்தாள் என்று எழுதினார்கள். மேலாளர் தணிக்கைக்கு வந்தபோது அந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்து, "இது எந்த நாட்டுக் கரன்சி?" என்றார். விளக்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மாதவரத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பிப் பேசச் சொன்னார். நானும் எழுந்து பேசினேன். யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். இதை இவ்வளவு நாள் கழித்து இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மா இரண்டு தடவை திடீர் சோதனைக்கு வந்தது. மூன்றாவது தடவை, சீமந்தம் முடிந்து, மருமகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து விட்டது. விட்டுவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது.

"ஒரே ஒரு தபா மூச்சு வாங்குச்சின்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே இட்டுகினு பூடுவேன். இன்னா கொறன்னாலும் இட்டுகினு பூடுவேன். இப்பவே சொல்ட்டேன், அப்பால பேஜாரு பண்ணாத."

ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊற்றலாம் என்று நாள் பார்த்தார்கள். 'பயன்பாட்டில் உள்ளது' என்பதற்கு ஒரு படம் வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் போயிருந்தேன். குளிக்கிற இடத்தில் யாராவது படம் எடுப்பார்களா? ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை. சமையலறைக்குள் எங்களுக்கு நிற்க இடமில்லை. ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு, இறால் அக்கா காலையிலிருந்து நின்ற இடத்தில் நிற்கவில்லை. சம்பந்தியம்மா முதல் ஷேர் ஆட்டோவில் வந்து, பாட்டிலும் பையுமாக ஓரமாக நின்றது. யாரும் கூப்பிட்டு வரவில்லை, பார்க்க வந்தது.

மகளைப் பலகையில் உட்கார வைத்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய். இறால் அக்கா அண்டாவில் கீசர் தண்ணீரைப் பிடித்தாள், கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள், கையை விட்டுத் துழாவினாள். "சரியா கீது" என்றாள். சொம்பை மொண்டு மகளின் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இரு" என்றது சம்பந்தியம்மா.

வந்து குனிந்து முழங்கையை அண்டாவில் வைத்தது. வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டது. முழங்கை சிவந்துவிட்டது.

"இன்னா சம்மந்தி இது? கொதிக்கிது! பெத்த ஒடம்பு மேல இத்தயா ஊத்தப் போன?"

இறால் அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். மறுபடியும் அண்டாவில் கையை விட்டாள். உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். அந்தக் கையும் சிவந்திருந்தது.

"நான் கைய வெச்சிப் பாத்தேன் சம்மந்தி. சத்தியமா வெச்சிப் பாத்தேன்." விரல்களை மடக்கி நீட்டினாள். "எனுக்குச் சுடல. ஷெட்டுல ஐஸ்லயே கைய வெச்சி வெச்சி... எத்தினி நாளா இப்டி கீதுன்னே தெரில. அடுப்புல வெச்சா தண்ணி சத்தம் போடும், ஆவி வரும், அத்த வெச்சிச் சொல்லிடுவேன். இதுல ஒண்ணும் தெரில எனுக்கு."

கீசரில் தண்ணீர் கொதிக்காது, சத்தம் போடாது. மூடி வைத்த பெட்டிக்குள் சுட்டு, அமைதியாக இறங்கி வரும். அதைத்தான் நான் பத்து நிமிடம் புகழ்ந்து பேசி விற்றிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரி கதவோரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் ஒரே பயம்தான். என்ன குறை என்றாலும் அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்ன அம்மாளுக்கு இதைவிடப் பெரிய குறை கிடைக்காது. இவ்வளவு கடனும், பதினாறு பதினாறு குடமாக ஏறின இத்தனை நாளும் அந்த அம்மாளின் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் நின்றன.

சம்பந்தியம்மா பையை இறக்கி வைத்தது. புடவையை இடுப்பில் செருகியது. இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீர் எடுத்து அண்டாவில் ஊற்றியது. முழங்கையை வைத்துப் பார்த்தது. இன்னும் அரைச் சொம்பு ஊற்றியது. மறுபடியும் பார்த்தது. பிறகு இறால் அக்காவின் சிவந்த கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அதில் சொம்பைத் திணித்தது.

"கலக்கறது நானு. நாப்பது நாளும் வரேன். ஊத்தறது நீ. ஒம் பொண்ணு."

இறால் அக்கா மொண்டு ஊற்றினாள். முதல் சொம்பு மகளின் உச்சந்தலையிலிருந்து முதுகு வழியாக இறங்கியது. மகள் கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"இன்னும் ஊத்தும்மா" என்றாள்.